முகப்பில் இருப்பவை நேராக இருக்க வேண்டும்

எங்கள் கழகத்தைப் பற்றி வெளியில் யாரும் நல்லபடியாகப் பேசி நான் கேட்டதில்லை. கெட்டபடியாகவும் கேட்டதில்லை. அப்படி ஒன்று இருப்பதே கோயமுத்தூரில் முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது. காந்திபுரத்தில் டவுன் பஸ் ஏறி, “இழைச் சீர்மைக் கழகம் ஒண்ணு குடுங்க” என்று கேட்டால், கண்டக்டர் யோசித்துவிட்டு, “அதுக்குப் பக்கத்துல என்னுங்க இருக்குது?” என்பார். பக்கத்தில் ஒரு புண்ணாக்குக் கடை இருந்தது. அதைச் சொன்னால் உடனே டிக்கெட் கிழிப்பார்.

கொங்கு மண்டல இழைச் சீர்மைக் கழகத்தின் வேலை, மில்காரர்கள் அனுப்பும் நூலைச் சோதித்து, சீராக இருக்கிறது அல்லது இல்லை என்று எழுதிக் கொடுப்பது. அதற்குச் சோதனைக் கூடத்தில் இருந்த அப்துல் வஹீது ஒருவரே போதும். மீதி முப்பத்தொரு பேரும் அவர் எழுதியதைப் பார்த்துக் கையெழுத்துப் போடுவோம். பிறகு, பார்த்தோம் என்பதற்கு இன்னொரு கையெழுத்துப் போடுவோம். நான் அங்கே டைப்பிஸ்ட். பெரியவர்கள் என்ன உளறினாலும் அதைப் பிழையில்லாமல் டைப் அடித்துக் கொடுத்துப் பதினேழு வருஷம் ஓட்டினேன். ஒரே ஒரு தடவைதான் பிழை விட்டேன். அதனால் ஒரு பெண்ணின் தலை வெந்தது.

கழகத்தின் முகப்புக் கூடத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டி உண்டு. அதற்குள் ஏழு சிட்டம் நூல். சிட்டம் என்றால், நூலை நீளமாகச் சுற்றி மடித்துக் கட்டிய கட்டு. தினமும் காலை பத்தேகாலுக்கு முப்பத்திரண்டு பேரும் அந்தப் பெட்டிக்கு முன்னால் வரிசையாக நின்று, வலது கையை நீட்டி, “சீரே எம் மூச்சு, பிசிறே எம் பகை” என்று உறுதிமொழி எடுப்போம். நடுவில் யாராவது இருமினால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். மார்கழி மாதத்தில் உறுதிமொழி முடியப் பதினொன்றரை ஆகும்.

1993 ஜூனில் வெங்கடலட்சுமி வேலைக்குச் சேர்ந்தாள். அன்னூர்ப் பெண். இருபத்துமூன்று வயது. அந்தக் கூடத்தில் பெட்டிக்குப் பக்கத்தில் மேஜை போட்டு, வருகிறவர்களை விசாரித்து உள்ளே அனுப்புகிற வேலை. வரவேற்பாளர் என்று ஒரு பதவியை எங்கள் பட்டியலில் சேர்த்திருக்கவில்லை; யாரையும் வரவேற்கும் எண்ணம் கழகத்துக்கு இருந்ததில்லை. அதனால் ‘முகப்பு உதவியாளர்’ என்று நியமித்தார்கள். நாளடைவில் உதவியாளரும் உதிர்ந்து, அவள் பெயரே முகப்பு ஆனது. “முகப்பு சாப்பிடப் போயிருக்குதுங்க” என்போம்.

அவளுக்கு அடர்த்தியான சுருட்டை முடி. எவ்வளவு இழுத்துப் பின்னினாலும் நெற்றியோரத்தில் நாலு சுருள் எட்டிப் பார்க்கும். முதல் நாளே நிர்வாக அலுவலர் தம்பிதுரை ஒரு காகிதத்தோடு அவள் மேஜைக்கு வந்தார். தம்பிதுரையின் வாயிலிருந்து மரியாதை குறைவாக ஒரு சொல் வராது. எங்கள் ஊர் மரியாதையில் ஒரு வசதி இருக்கிறது. ஒருவரைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளும்போதுகூட, “பாத்துப் போங்க” என்று சொல்லிக்கொள்ளலாம்.

“அம்மணி, தப்பா நெனச்சுக்காதீங்க. தலையில சுருள் இருக்குதுங்களே.”

“ஆமாங்க சார். எங்கப்பாவுக்கும் இப்படித்தானுங்க.”

“அப்பா முகப்புல உக்காரலீங்களே” என்று சொல்லி, காகிதத்தை நீட்டினார்.

அது சுற்றறிக்கை எண் பதினான்கு. அதற்கு முந்தின மாதம் நான் டைப் அடித்தது. ‘முகப்பில் இருப்பவை நேராக இருக்க வேண்டும். முழு நீளத்துக்கும் ஒரே தன்மையுடன் இருக்க வேண்டும். சுருள், முடிச்சு, பிசிறு காணப்பட்டால் அப்புறப்படுத்தப்படும்.’

அவள் அதை இரண்டு தடவை படித்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் ரிப்பன் மாற்றுகிற மாதிரி தலையைக் குனிந்துகொண்டேன். சுற்றறிக்கையில் இருந்தால் சரியாகத்தான் இருக்கும் என்று அன்றைக்கு நானும் நினைத்தேன். டைப் அடிப்பவன் அர்த்தம் பார்ப்பதில்லை.

காந்திபுரத்தில் ஒரு மாடியில் சாமியாத்தாள் அழகு நிலையம் வைத்திருந்தார். போர்டில் ‘சமி’ என்று போட்டிருக்கும். முடியை நேராக்கும் க்ரீம் பம்பாயிலிருந்து அப்போதுதான் அவருக்கு வந்திருந்தது. அழுகிய முட்டை வாடை அடிக்கும் அந்தக் க்ரீமைத் தலை முழுக்க அப்பி, சீப்பால் கீழ்நோக்கி இழுத்து இழுத்து வாரி, வெங்கடலட்சுமியை மூன்று மணி நேரம் கழுத்தை அசைக்காமல் உட்கார வைத்தார். மறுநாள் அவள் வந்தபோது முடி பெட்டியில் இருக்கும் நூல் மாதிரியே தொங்கியது. தம்பிதுரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, “இப்பத்தானுங்க முகப்பு, முகப்பு மாதிரி இருக்குது” என்றார். அன்றைக்கே புகைப்படம் எடுத்துப் பணிப் பதிவேட்டில் ஒட்டினார்கள்.

முடி என்பது வளர்கிற பொருள் என்பதைச் சுற்றறிக்கை கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. க்ரீம் பட்ட முடிதான் நேராகும். அடியில் புதிதாக முளைப்பது அப்பா வரதராஜுலுவின் முடியாகவே முளைக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மறுபடி க்ரீம் போட்டாக வேண்டும். இதற்குக் கழகமே நாள் ஒதுக்கிக் கொடுத்திருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். தற்காலிக ஊழியர்களை எண்பத்தொன்பது நாளைக்குத்தான் நியமிப்பார்கள். தொண்ணூறாவது நாள் வேலை கிடையாது. அன்றைக்கு அவர் கழகத்தில் எப்போதும் இருந்ததே இல்லை என்று பாவிக்க வேண்டும். மறுநாள் புதிதாகச் சேர்த்துக்கொள்வார்கள். இப்படிப் பன்னிரண்டு முறை செத்துப் பிழைத்தால் நிரந்தரம். வெங்கடலட்சுமி ஒவ்வொரு தொண்ணூறாவது நாளும் சாமியாத்தாளின் நாற்காலியில் போய் உட்கார்ந்தாள்.

நிரந்தரம் என்ற அந்த ஒரு வார்த்தைதான் அவளைக் கோயமுத்தூரில் பிடித்து வைத்திருந்தது. அன்னூரில் அவள் அப்பா சுருக்கமாகச் சொல்லியிருந்தார். “பன்னெண்டு முடியட்டும். ஆர்டர் வந்தா நீ அங்கயே இரு, நான் ஒண்ணும் கேக்க மாட்டேன். வரலீன்னா ஊட்டுக்கு வந்துரு, பாத்து வெச்ச எடத்துல முடிச்சுப்போடலாம்.” பாத்து வெச்ச இடத்தை அவளும் பார்த்திருந்தாள். அதனால் க்ரீமைப் பொறுத்துக்கொண்டாள்.

ஒன்பதாவது தொண்ணூறாம் நாள் போட்டதில் உச்சந்தலை கொப்பளித்துவிட்டது. ஒரு வாரம் நீர் வடிந்தது. சீப்பை வைத்தால் கொத்தாக வந்தது. டாக்டர் லட்சுமியம்மாள் கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, “இன்னொருக்கா இந்தக் களிம்பு பட்டுதுன்னா அந்த எடத்துல மொளைக்கவே மொளைக்காது கண்ணு. வேலையா, தலையான்னு பாத்துக்கோ” என்றாராம். சாமியாத்தாளும் நல்ல மனுஷி. “எனக்கு யாவாரம் போனாப் போச்சாது அம்மணி, இனிமேட்டு உனக்கு நான் போட மாட்டேன்” என்று சொல்லிவிட்டார்.

பத்தாவது தொண்ணூறாம் நாளை அவள் விடுதி அறையில் சீயக்காய் தேய்த்துக் குளித்துக் கழித்தாள். 1995 டிசம்பர் அது. தலையில் ஒன்றரை விரல்கடைக்குச் சுருட்டை, அதற்குக் கீழே முழுக்க நேர். இரண்டும் சேர்கிற இடத்தில் சீப்பு பட்டால் பட் பட்டென்று அறுந்தது. அதனால் ஈரத்தோடு விரலால் கோதிப் பின்னிக்கொண்டு வந்தாள். தினமும் சீவி முடிக்கவே முக்கால் மணி நேரம் ஆகிறது என்று என்னிடம் அலுத்துக்கொண்டாள். உடனே குரலைத் தாழ்த்தி, “ஆனா அண்ணா, அடியில தொட்டுப் பாத்தா சுருளு வெரல்ல சுத்திக்குதுங்க. எத்தன வருஷமாச்சு. எனக்கே ஒரு மாதிரி சந்தோசமா இருக்குதுங்க” என்றாள்.

அந்தச் சந்தோஷம் நாலு நாள் நீடித்தது. ஐந்தாம் நாள் தம்பிதுரை ஒரு மர ஸ்கேலோடு வந்தார்.

“அம்மணி, கொஞ்சம் குனியுங்க. மேல நாலு சென்டிமீட்டரு. ம். பொறகு நாப்பத்தொண்ணு. இது கலப்பு இழைங்க.”

விளக்கம் கேட்டு மெமோ போனது. ‘மருத்துவக் காரணத்தால் முடி இயற்கையாக வளர்கிறது’ என்று ஒரே வரியில் அவள் பதில் எழுதினாள். ‘இயற்கையாக’ என்ற சொல்லுக்குக் கீழே இயக்குநர் சீனிவாசலு சிவப்பு மையால் கோடு போட்டு, ‘யார் அனுமதியுடன்?’ என்று எழுதி அனுப்பினார். அதற்கும் அவள் பதில் எழுதவே, ‘முகப்புக் கலப்பிழை விசாரணைக் குழு’ அமைக்கப்பட்டது. இயக்குநர் தலைவர், தம்பிதுரை உறுப்பினர், நான் குறிப்பெடுப்பவன்.

இயக்குநர் நல்ல பேச்சாளர் என்று அவரே பல கூட்டங்களில் சொல்லியிருக்கிறார். அன்றைக்கும் விரல்களைக் கோத்துக்கொண்டு ஆரம்பித்தார்.

“அம்மணி, நீங்க சேர்ந்தப்ப முழுசும் சுருள். அது தப்புத்தான், ஆனா தெளிவான தப்பு. பொறகு முழுசும் நேரு. அது சரி. இப்ப மேல சுருள், கீழ நேரு. பாரத்துல ரெண்டு கட்டந்தான் இருக்குது. நாங்க எதுலீங்க டிக் போடறது?”

“ரெண்டுலயும் போட்டுருங்க சார்.”

“ரெண்டுலயும் போட்டா பாரம் செல்லாதுங்க.”

“அப்ப மூணாவதா ஒரு கட்டம் போட்டுக்குங்களேன்.”

இயக்குநர் பேனாவைக் கீழே வைத்தார். “மூணாவது கட்டம் போடோணும்னா பொதுக்குழு கூடோணும். பொதுக்குழு கடைசியா எண்பத்தாறுல கூடுச்சு. ரெண்டாவது கட்டத்தப் போட்டதே அப்பத்தான்.”

“எண்பத்தாறுக்கு முன்னால ஒரே கட்டமுங்களா?”

“ஆமாங்க. அப்பெல்லாம் நிர்வாகம் சுலபமா இருந்துச்சு” என்றார் பெருமூச்சோடு. நான் அதையும் குறித்துக்கொண்டேன்.

முடிவில், அறிவியல் பூர்வமாகப் போகலாம் என்று தீர்மானித்தார்கள். முடியில் பத்து இழை மாதிரி எடுத்துச் சோதனைக் கூடத்துக்கு அனுப்ப உத்தரவானது. அப்துல் வஹீதுக்குக் கூச்சமாகிவிட்டது. கத்தரிக்கோலை அவளிடமே கொடுத்து, “நீங்களே வெட்டிக் குடுங்கம்மா, நான் அந்தப் பக்கம் திரும்பிக்கறேன்” என்றார். நூலுக்குச் செய்கிற எல்லாம் அந்தப் பத்து முடிக்கும் செய்தார். செய்யாவிட்டால் அவருக்கு மெமோ வரும். ஒரு நாள் ஈரப்பத அறையில் வைத்தார். முறுக்கு எண்ணினார். இழுத்து அறுத்துப் பார்த்தார். மூன்றாம் நாள் அறிக்கை வந்தது. மேல் பகுதி நல்ல வலு, இழுத்தால் நீண்டு திரும்பச் சுருள்கிறது. கீழ்ப் பகுதி தொட்டாலே அறுகிறது. நூலாக இருந்தால் திருப்பி அனுப்பலாம்.

வெங்கடலட்சுமியின் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். இனி என்ன சொல்ல முடியும் என்று நானும் நினைத்தேன். இயக்குநர் அறிக்கையைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“நல்லது. புதுசா வந்தது எது? சுருள். ஏற்கெனவே இருந்தது எது? நேரு. இருக்கற சரக்குல பின்னால வந்து சேர்ந்ததுக்குப் பேரு என்னுங்க? கலப்படம்.”

“சார், அது வேருல இருந்து வாரதுங்க!”

“கலப்படம் எங்கிருந்து வந்தாலும் கலப்படந்தானுங்க அம்மணி.”

“வலுவா இருக்குதுன்னு எழுதியிருக்குதுங்களே?”

“பதினாலாம் நம்பர்ல வலுன்னு ஒரு வார்த்த இருக்குதுங்களா? நேரு, ஒரே தன்ம, பிசிறில்லாம. மூணுதான். வலுவப் பத்திக் கழகம் கவலப்பட்டதில்லீங்க.”

வெளியே வந்ததும் அப்துல் வஹீது அவளிடம், “மன்னிச்சுக்கம்மா. நல்லதாத்தான் எழுதினேன்” என்றார். அவள் போய்த் தன் மேஜையில் உட்கார்ந்தாள். அன்று முழுக்க வந்தவர்களிடம் “என்னுங்க வேணும்?” என்று கேட்ட குரல் எனக்கு என் அறைவரை கேட்டது. அதில் கோபம் இருந்தது.

தம்பிதுரைக்கு மனசு கேட்கவில்லை. அவரும் உதவிதான் செய்ய நினைத்தார். விதிப் புத்தகத்தைப் புரட்டி, வேண்டுதலுக்காக மொட்டை போட்டுக்கொள்ளும் ஊழியருக்குத் தொண்ணூறு நாள் விலக்கு உண்டு என்று கண்டுபிடித்தார்.

“மொட்டைன்னா சுருளுமில்ல, நேருமில்ல. பாரமே தேவையில்லீங்க. கோயில் ரசீது ஒண்ணு வெச்சாப் போதும்.”

“எனக்கு வேண்டுதல் ஒண்ணும் இல்லீங்க சார்.”

“ஒண்ணு வேண்டிக்குங்கம்மணி. சாமிகிட்ட மனுப் போட முன்அனுமதி வேண்டியதில்லீங்க.”

“என்னன்னு வேண்டிக்கறதுங்க?”

“நிரந்தரம் ஆகோணும்னு வேண்டிக்குங்க. ஆயிருச்சுன்னா நிறைவேறுன மாதிரியும் ஆச்சு.”

“புண்ணு ஆறுன தலைல கத்தி போடச் சொல்றீங்களா சார்?” என்றாள். “எனக்கு மொட்ட வேண்டாமுங்க. என் முடி எப்படி மொளைக்குதோ அப்படி இருக்கோணும். அவ்வளவுதானுங்க நான் கேக்கறது. இதுல என்னுங்க தப்பு?”

“தப்பில்லீங்க அம்மணி. கட்டந்தான் இல்ல” என்றார் தம்பிதுரை, மிகுந்த பரிவோடு.

அந்த வாரம்தான், விசாரணைக் கோப்பில் சேர்ப்பதற்காகச் சுற்றறிக்கையின் மூலப் பிரதியைத் தேடினேன். பழைய பீரோவில் அடியில் கிடந்தது. இயக்குநர் கைப்பட எழுதியது. ‘முகப்புக் கண்ணாடிப் பெட்டியில் இருப்பவை நேராக இருக்க வேண்டும்.’ பெட்டியில் இருக்கும் நூலுக்காக எழுதியது! ஸ்டென்சில் தாளில் அந்த வரி ஓரத்துக்கு வெளியே போனதும், அழிக்கிற சிவப்பு மை தீர்ந்துபோயிருந்ததும், ‘கண்ணாடிப் பெட்டி’யை விட்டுவிட்டால் ஒரே வரியில் அடங்கும் என்று நானே முடிவெடுத்ததும் அப்போதுதான் ஞாபகம் வந்தது. முகப்பு என்றால் எல்லோருக்கும் பெட்டி என்று புரியும் என நினைத்தேன். அப்போது அந்தப் பெண் வேலைக்கே சேர்ந்திருக்கவில்லை.

இரண்டு வார்த்தை. அதற்காக அவள் பத்துத் தடவை அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள்.

முதலில் இயக்குநரிடம் போனேன். மூலத்தையும் சுற்றறிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, தப்பு என்னுடையது என்று சொன்னேன். அவர் கோபப்படவில்லை. எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

“நீங்க சொல்றது சரிங்க. நான் பெட்டிக்குத்தான் எழுதினேன். ஆனா இப்பப் பெட்டிக்குன்னு சொன்னா என்னாகும்? ஒண்ணு, ரெண்டர வருஷமா அந்த அம்மணிமேல அமல்படுத்துனது தப்புன்னு ஆகும். ரெண்டு, ரெண்டர வருஷமாப் பெட்டிய யாருமே கவனிக்கலீன்னு ஆகும். உள்ள நூலெல்லாம் பூச்சி அரிச்சுக் கெடக்குது, பாத்தீங்களா? ஒரு தப்ப ஒத்துக்கிட்டா ரெண்டு தப்பு வருது. இது தப்பு செய்யற நிறுவனமா? சீர் செய்யற நிறுவனமுங்க.”

“அந்தப் பொண்ணு தலை வெந்துருச்சுங்க சார்.”

“வருத்தமாத்தான் இருக்குது. ஆனா சுற்றறிக்கை வெந்துபோச்சுன்னு சொல்ல முடியாதுங்களே.” சற்று யோசித்து, முகம் தெளிந்து, “ஒண்ணு பண்ணலாம். இனிமேட்டு ரெண்டுக்கும் பொருந்தும்னு வெச்சுக்கலாம். பெட்டிக்கும், அம்மணிக்கும்” என்றார்.

அவளிடம் சொல்லத்தான் எனக்கு இரண்டு நாள் ஆனது. பஸ் ஸ்டாப்பில், புண்ணாக்குக் கடை முன்னால் சொன்னேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டினாள். “எடம் பத்தலீன்னு விட்டுட்டீங்களா? ஏனுங்கண்ணா, அடுத்த வரில எழுதியிருக்கக் கூடாதுங்களா? அடுத்த வரி காலியாத்தானே இருந்துச்சு?” என்று அழுதுகொண்டே கேட்டாள். பஸ் வந்தது; ஏறாமல் நின்றாள். அடுத்த பஸ்ஸில் போனாள்.

பதினோராவது தொண்ணூறாம் நாள் அவள் மறுபடி சாமியாத்தாளிடம் போனாள். இந்த முறை வெட்டச் சொல்லி. “மூணு வெரல்கடதான் நிக்கும் அம்மணி, ஊட்டுல வைவாங்க” என்று சாமியாத்தாள் தயங்கினாராம். “நேரா இருக்கறது ஒண்ணுகூட மிச்சம் வேண்டாமுங்கக்கா” என்றாளாம் இவள். வெட்டியதைக் கூட்டித் தள்ளவிடாமல், ஒரு முனையில் ரப்பர் பேண்டு போட்டுப் பையில் வைத்துக்கொண்டாள். எங்கள் கழகத்தை அதற்குள் அவள் நன்றாகத் தெரிந்துவைத்திருந்தாள்.

மறுநாள் காலையில் தலை நிறையக் குட்டிக் குட்டிச் சுருளோடு வந்தாள். கழுத்து தெரிந்தது. கழுத்து தெரிந்ததாலோ என்னவோ, ஆளே நிமிர்ந்து நடக்கிற மாதிரி இருந்தது. தம்பிதுரை பணிப் பதிவேட்டைத் திறந்து, புகைப்படத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

“ஏனுங்க, நீங்க யாருங்க?”

“முகப்புங்க.”

“போட்டோவுல இருக்கற முகப்புக்கு முடி நேருங்களே. அவங்கதான் நீங்கன்னு அத்தாட்சி வேணுமுங்களே அம்மணி.”

அம்மணி என்று கூப்பிட்டுக்கொண்டே அடையாளம் கேட்டார். அவள் பையிலிருந்து கட்டை எடுத்து மேஜைமேல் வைத்தாள். தம்பிதுரை அதைப் புகைப்படத்தோடு ஒப்பிட்டுத் திருப்தியடைந்து, பெற்றுக்கொண்டதற்கு ஒப்புகைச் சீட்டு எழுதினார். முடிக்கட்டு என்று எழுத எங்கள் சீட்டில் இடமில்லை. ‘சிட்டம் – ஒன்று’ என்று எழுதினார்.

சிட்டம் என்று எழுதப்பட்ட எதுவும் எங்கள் கழகத்தில் சோதனைக் கூடத்துக்குத்தான் போகும். அப்துல் வஹீது பிரித்துப் பார்த்துவிட்டு என் அறைக்கு ஓடிவந்தார். “இதை என்னங்க பண்றது?” என்றார். என்ன செய்ய முடியும்? நம்பர் போட்டாகிவிட்டது. நேரா என்ற கேள்விக்கு ஆம், ஒரே தன்மையா என்றதற்கு ஆம், பிசிறு உண்டா என்றதற்கு இல்லை என்று எழுதிக் கொடுத்தார். சுற்றறிக்கை வந்த நாள் முதல் மூன்றிலும் தேறிய சிட்டம் அது ஒன்றுதான். இயக்குநர் பரவசமாகி, பூச்சி அரித்த ஏழையும் எடுத்துவிட்டு அதைப் பெட்டியில் வைக்கச் சொன்னார். மறுநாளிலிருந்து முப்பத்திரண்டு பேரும் வெங்கடலட்சுமியின் வெட்டிய முடிக்கு முன்னால் கையை நீட்டி, சீரே எம் மூச்சு என்று சொன்னோம். அவளும் சொன்னாள். சொல்லும்போது என்னைத் திரும்பிப் பார்த்தாள். எனக்கு இருமல் வந்துவிட்டது. எல்லோரும் முதலிலிருந்து ஆரம்பித்தோம்.

கடைசி எண்பத்தொன்பது நாளும் ஒருவழியாக முடிந்தது. 1996 ஜூன். நிரந்தர ஆணை வழங்கும் விழாவுக்குக் கூடத்தில் நாற்காலி போட்டிருந்தார்கள். அன்னூரிலிருந்து வரதராஜுலு வெள்ளை வேட்டியோடு வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவர் தலையும் சுருட்டைதான், நரைத்திருந்தது. நான் டைப் அடித்த ஆணை அல்ல அது; இயக்குநர் வெளியே கொடுத்து அச்சடித்து வைத்திருந்தார். அதனால் எனக்கும் உள்ளே இருப்பது தெரியாது.

“முகப்பு மூணு வருஷம் முடிச்சிருக்குது” என்று இயக்குநர் ஆரம்பித்தார். “இந்த மூணு வருஷமும் பதினாலாம் நம்பரக் கடைப்பிடிச்சது யாருன்னு நிர்வாகக் குழு தீர யோசிச்சுது. பணிப் பதிவேட்டுப் போட்டோவுல இருக்கறது யாரு? அந்த முடி. நேரா இருந்தது யாரு? அந்த முடி. சோதனைல தேறுனது யாரு? அந்த முடி. அம்மணி ஒரு வகைல அதத் தலைல வெச்சுச் சொமந்துட்டு வந்தாங்க, அத மறுக்கலீங்க. ஆனா அம்மணி தலைல இப்ப இருக்கறது புது வரவு. அதுக்குச் சர்வீஸ் இல்ல. ஆகவே, பெட்டிக்குள்ள இருக்கற முகப்ப இன்னிக்கு முதலா நிரந்தரம் பண்றோம். அம்மணிய நாளக் கழிச்சுப் புதுசா எண்பத்தொன்பது நாளைக்குச் சேர்த்துக்கறோம். பெட்டியத் தொடைக்கற பொறுப்பும் அவங்களுக்கே.”

எல்லோரும் கை தட்டினார்கள். தம்பிதுரை பெட்டிக்கு ஒரு மாலை போட்டார். பிறகு ஆணையைக் கையில் வைத்துக்கொண்டு தடுமாறினார். வாங்க வேண்டியவருக்குக் கை இல்லை. “அம்மணி, அதுக்குப் பதிலா நீங்க கையெழுத்துப் போட்டு வாங்கிக்குங்க” என்றார்.

வெங்கடலட்சுமி எழுந்தாள். அப்பாவைப் பார்த்தாள். வரதராஜுலுவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆர்டர் வந்ததா இல்லையா என்று பக்கத்தில் இருந்த அப்துல் வஹீதிடம் கேட்டுக்கொண்டிருந்தார். அவள் கையெழுத்துப் போட்டு ஆணையை வாங்கினாள். நேராகப் பெட்டியிடம் போய், மாலையை எடுத்து நாற்காலியில் வைத்துவிட்டு, கதவைத் திறந்து முடிக்கட்டை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டாள். மேஜையில் ஒரு தாளை எடுத்து நின்றபடியே எழுதித் தம்பிதுரையிடம் நீட்டினாள்.

‘முகப்புக்கு உடம்பு சரியில்லை. ஊருக்குப் போகிறது. விடுப்பு வேண்டும்.’

“அம்மணி, எத்தன நாள்னு போடலீங்களே!” என்று தம்பிதுரை பின்னாலேயே ஓடினார். “நிரந்தர ஊழியருங்க! நாள் போடாம லீவு குடுக்க முடியாதுங்க!”

“முடிகிட்டக் கேட்டுச் சொல்றேனுங்க” என்றாள் வெங்கடலட்சுமி. “வாங்கப்பா, போலாம்.” வாசலைத் தாண்டும்போது எனக்கு மட்டும் லேசாகத் தலையசைத்தாள். மன்னித்துவிட்டாள் என்று நான் எடுத்துக்கொண்டேன். எடுத்துக்கொள்ள எனக்கு உரிமை இல்லைதான்.

மறுநாள் காலிப் பெட்டிக்கு முன்னால் உறுதிமொழி எடுத்தோம். ஒரு மாதம் கழித்து, அனுமதியின்றி விடுப்பில் இருப்பது ஏன் என்று முடிக்கு மெமோ அனுப்ப உத்தரவானது. நான்தான் டைப் அடித்தேன். ‘முகப்புக் கண்ணாடிப் பெட்டியில் இருந்த தலைமுடிக்கு’ என்று ஒரு வார்த்தை விடாமல் அடித்தேன். ஓரத்தில் இடம் பற்றவில்லை; அடுத்த வரிக்குப் போனேன். அன்னூர் முகவரிக்கு அனுப்பினோம்.

இரண்டு மாதம் கழித்து மேட்டுப்பாளையம் தபால் முத்திரையோடு ஒரு கார்டு வந்தது. வெங்கடலட்சுமியின் கையெழுத்து. ‘நான் இங்கே ஒரு பாக்கு மண்டி ஆபீசில் சேர்ந்துவிட்டேன். நிரந்தரமா என்று கேட்டேன். வேலை இருக்கிறவரைக்கும் வா என்றார்கள். பரவாயில்லை என்று அப்பாவும் ஒத்துக்கொண்டார். நீங்கள் மெமோ அனுப்பிய முடியை அன்னூரில் எங்கள் வாழைக்கு அடியில் புதைத்து எருவாக்கிவிட்டோம். என் தலையில் இருப்பது இப்போது தோளைத் தொடுகிறது. இது உங்கள் வேலைக்கு ஆகாதுங்க.’

கார்டைக் கோப்பில் சேர்த்து மேலே அனுப்பினேன். மாலையில் திரும்பி வந்தது. ஓரத்தில் இயக்குநர் சிவப்பு மையால் எழுதியிருந்தார்: ‘எரு ஆனதற்கு அத்தாட்சி கேட்டு உடனே கடிதம் தயார் செய்க.’

அந்த ஒன்றை மட்டும் நான் டைப் அடிக்கவில்லை.